பழைய ஆயிலுக்கு யார் விலை வைப்பது?

பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் ஒரு தட்டை வைத்து, டிரெய்ன் நட்டைக் கழற்றினால் கரிய எண்ணெய் இளஞ்சூட்டோடு வடிகிறது. ஒரு லிட்டர் இருக்கலாம். மெக்கானிக் அதை மூலையில் இருக்கும் பீப்பாயில் ஊற்றுகிறார். பார்ட்ஸ் கழுவிய பெட்ரோலும் பிரேக் ஆயிலும் சில நேரம் அதே பீப்பாய்க்குத்தான் போகின்றன. பீப்பாய் நிறைந்ததும் ஆள் வருகிறார், லிட்டர் கணக்கில் விலை பேசுகிறார், ஏற்றிக்கொண்டு போகிறார்.

பழைய ஆயிலால் வரும் கேடு என்றதும் சாக்கடையில் ஊற்றுகிறவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அப்படி ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் காசு வருகிற சரக்கை யாரும் எளிதில் கொட்டிவிடுவதில்லை. அது விலைபோன பிறகு எங்கே போகிறது என்பதுதான் பெரிய கவலை. சூளைகளிலும் உலைகளிலும் மலிவான எரிபொருளாகிறது. கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் பலகைகளில் பூசப்படுகிறது. துருப்பிடிக்காமலிருக்க லாரியின் அடிப்பாகத்திலும், கரையான் அரிக்காமலிருக்க மரத்திலும் ஏறுகிறது. அடுத்த மழைக்கு அதில் ஒரு பங்கு மண்ணில் இறங்குகிறது.

புது ஆயிலைவிடப் பழையது மோசமானது. எஞ்சின் தேய்மானத்தில் இரும்பும் செம்பும் ஈயமும் அதில் கலக்கின்றன. சேர்மானப் பொருள்களால் துத்தநாகம் ஏற்கெனவே இருக்கிறது. எரிபொருள் எரிந்த மிச்சமாகச் சேரும் பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்களில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. எரித்தால் எண்ணெய்தான் அழியும், உலோகம் அழியாது. சூளைப் புகையோடு கிளம்பிச் சுற்றுவட்டாரத்தில் படியும். ஒரு காரின் ஒரே ஒரு ஆயில் சேஞ்சில் வடிவது 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

நிலத்தடி நீரில் எண்ணெய் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள சுன்னாகம் சாட்சி. அங்கே கலந்தது வாகன ஆயில் அல்ல, அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு. அந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நீரைக் கிணற்றில் இறைத்துத்தான் குடிப்பதும் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதும். அந்தக் கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைய, மேலே விழுந்த அழுக்கு வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று மக்கள் முறையிட்டார்கள். வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, 2 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு 2019 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்தாலும் கிணறு உடனே தெளிந்துவிடாது. சுண்ணாம்புக்கல்லின் இடுக்கில் புகுந்த எண்ணெயை எடுக்கச் சுலபமான வழி இல்லை.

பழைய ஆயிலை வாங்கிப்போகிறவரைக் கண்காணிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற சிற்றூர் அறிந்துகொண்டது. 1970களில் தெருப்புழுதி அடங்குவதற்காக அங்கே கழிவு எண்ணெய் தெளித்தார்கள். ஒப்பந்தக்காரர் ஒரு ரசாயன ஆலையின் டையாக்சின் நச்சு கலந்த கழிவையும் அந்த எண்ணெயோடு கலந்திருந்தார். கறுப்பு எண்ணெயில் எது கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 1983இல் ஊரையே விலைக்கு வாங்குவதாக அறிவித்த அரசு, பிறகு அதைக் காலி செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள்.

இவ்வளவு ஆபத்தான பொருள் வீணாகவும் போகிறது என்பதுதான் கூடுதல் வேதனை. மசகு எண்ணெய் பெரும்பாலும் அழுக்காகிறதே தவிரத் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை. நீரையும் கசடையும் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் மறுபடியும் தரமான எண்ணெய் கிடைக்கும். சுமார் இரண்டேகால் லிட்டர் எஞ்சின் ஆயில் எடுக்க 42 கேலன், அதாவது ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் தேவை. அதே அளவைப் பழைய ஆயிலிலிருந்து எடுக்க நாலு லிட்டர்கூட வேண்டாம்.

ஆனால் அப்படிக் காய்ச்சி எடுக்கும் முறையான ஆலைக்குக் கழிவைச் சுத்திகரிக்கும் செலவு, வரி, பதிவேடு என்று எல்லாம் உண்டு. சூளைக்கு விற்கிறவருக்கு இவை எதுவும் இல்லை, அதனால் அவரால் பட்டறையில் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. இந்தப் போட்டியில் நேர்மையானவர் தோற்பதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. மசகு எண்ணெயை உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். இலக்கு 5 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 50 சதவீதத்துக்கு ஏறுகிறது. நல்ல தொடக்கம். ஆனால் சான்றிதழ்ப் பணம் ஆலைக்கும் நிறுவனத்துக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் தெருமுனைப் பட்டறையின் பீப்பாய் அதே பழைய ஆளிடம்தான் போகும். கலிபோர்னியாவில் புது ஆயில் மீது கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்திலிருந்து பழைய ஆயிலைச் சேகரிக்கும் மையங்களுக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். இங்கேயும் பட்டறைக்காரருக்குச் சூளைக்காரர் தருவதைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கிடைக்க வேண்டும். ஆயில் நிறுவனங்களின் விநியோக வலை சிறு ஊர்ப் பட்டறை வரை ஏற்கெனவே நீண்டிருக்கிறது. உரிய அனுமதியும் மூடிய கேன்களும் கொடுத்தால், புது டப்பாக்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியே பழைய ஆயிலை ஏற்றிப்போகலாம்.