இருபது கிலோமீட்டரில் ஒரு தரங்கம்பாடி

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் சுற்றும் ஆசை குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. காசி, கயா, பூரி, டார்ஜிலிங், கங்காசாகர் என்று எல்லாம் பார்த்தவர்கள்தாம் நாம். பள்ளி விடுமுறை விட்டால் கோரமண்டலிலோ சென்னை மெயிலிலோ ஏறி ஊருக்குப் போகவும் தவறுவதில்லை. ஆனால் ஹௌராவிலிருந்து லோக்கல் ரயிலில் முக்கால் மணி நேரத்திற்குள் போய்விடக்கூடிய ஸ்ரீராம்பூரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்று நம் சங்கத்தில் கை தூக்கச் சொன்னால், விரல் விட்டு எண்ணிவிடலாம். ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஹௌராவுக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குள், ஐரோப்பியர் கப்பல் வைத்து வியாபாரம் செய்த பழைய துறைமுக ஊர்கள் நான்கு இருக்கின்றன. டேனிஷ்காரர்களின் ஸ்ரீராம்பூர், பிரெஞ்சுக்காரர்களின் சந்தன்நகர், டச்சுக்காரர்களின் சின்சுரா, போர்த்துகீசியரின் பண்டேல். ஒரு பகல் பொழுதில் இவற்றில் இரண்டையாவது நிதானமாகப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டிற்கு வீடு திரும்பலாம். ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும், முக்கியமாகப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

"அங்கே என்ன சார் இருக்கிறது? நாலு பழைய கட்டடம்!" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருப்பது நம்முடைய கதையில் பாதி. மற்றப் பாதி தமிழ்நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். ஸ்ரீராம்பூருக்கு ஜோடி நம் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அதே நாட்டவர் 1755-இல் இங்கே வந்து இறங்கி, தங்கள் அரசர் பெயரால் ஃபிரெடெரிக்நகர் என்று ஊருக்குப் பெயர் வைத்தார்கள். சந்தன்நகருக்கு ஜோடி புதுச்சேரி. இங்கே பத்து ஆண்டுகள் நிர்வாகம் பார்த்த டூப்ளேதான் 1742-இல் புதுச்சேரி கவர்னராகப் போனார். சின்சுராவுக்கு ஜோடி பழவேற்காடு. 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டு இரண்டையுமே டச்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். பண்டேல் மாதா கோயிலை எடுத்துக்கொண்டாலும், வங்காளத்தின் போர்த்துகீசியக் கோயில்கள் நெடுங்காலம் மயிலாப்பூர் சாந்தோம் மறைமாவட்டத்தின் கீழ்தான் இருந்தன. தமிழனுக்கு இது அந்நிய மண் என்று யார் சொன்னது?

முதலில் ஸ்ரீராம்பூருக்குப் போவோம். ஸ்டேஷனில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம். முடியாதவர்களுக்கு டோட்டோ இருக்கிறது. 1806-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஓலாவ் தேவாலயம், அதன் முகப்பில் டேனிஷ் அரசரின் முத்திரை எழுத்து, பழைய கவர்னர் மாளிகை, 1786-இல் தொடங்கிய டென்மார்க் டாவர்ன் என்ற விடுதி எல்லாம் அருகருகே இருக்கின்றன. சிதைந்து கிடந்த தேவாலயத்தைச் செப்பனிட்ட பணிக்கு 2016-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. இடிபாடாக நின்ற விடுதியும் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் மறுபடி திறக்கப்பட்டது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தார் தரங்கம்பாடியிலும் இங்கேயும் இந்த வேலைகளில் முன்னின்றார்கள். கடல் கடந்து இருப்பவர்களுக்கு இருக்கும் அக்கறை இருபது கிலோமீட்டரில் இருக்கும் நமக்கு இல்லை என்றால் எப்படி?

எனக்கு அந்தக் கட்டடங்களைவிடப் பெரிதாகத் தோன்றுவது அங்கே நடந்த அச்சு வேலை. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1778-இல், வங்க எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட ஹால்ஹெட்டின் வங்க இலக்கணம் இதே நதிக்கரையில் ஹூக்ளியில் வெளிவந்தது. அந்த எழுத்துகளை உருவாக்குவதில் சார்லஸ் வில்கின்ஸுக்குக் கை கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற உள்ளூர்க் கொல்லர். பிறகு ஸ்ரீராம்பூரில் வில்லியம் கேரியின் அச்சகத்தில் சேர்ந்து பல இந்திய மொழிகளுக்கு எழுத்து வெட்டினார். அவருக்குப் பின் மருமகன் மனோகர் அந்தத் தொழிலைத் தொடர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி பாதிரிமாரைத் தன் எல்லைக்குள் தங்கவிடாத காலம் அது. டென்மார்க் கொடியின் நிழலில் இருந்ததால்தான் 1800-இல் அந்த அச்சகம் இங்கே அமைந்தது. 1812 மார்ச்சில் தீப்பிடித்துப் பெரும் சேதமானது. ஆனாலும் அடுத்த ஆண்டே அங்கிருந்து தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு நூறு ஆண்டுகூட ஆகாத சமயம்.

பல வருஷம் பட்டறைகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். உளியும் அரமும் பிடித்து, எஃகுத் துண்டின் முனையில் ஓர் எழுத்தை இடம் வலம் மாற்றி வெட்டி எடுப்பது சாதாரண வேலையல்ல. மயிரிழை தவறினாலும் வார்த்து எடுக்கும் ஆயிரம் எழுத்திலும் அந்தத் தவறு வரும். கேரியின் பெயரால் இன்று சாலையும் நூலகமும் உண்டு. பஞ்சானன் பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

துறைமுகம் என்கிறீர்களே, கப்பல் எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். அதுவும் சொல்லித்தர வேண்டிய பாடமே. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டபோதெல்லாம் நடுநிலைக் கொடி பறந்த ஸ்ரீராம்பூருக்குச் சரக்கு குவிந்தது. டென்மார்க்கும் நெப்போலியன் பக்கம் சேர்ந்ததும், 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதோடு வியாபாரம் படுத்தது. மேலும் இந்த ஊர்களுக்கு வரும் எந்தக் கப்பலும் கொல்கத்தாவின் கோட்டைப் பீரங்கிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். பெரிய கப்பலுக்கு ஆழமும் போதாது. நம் கொற்கையைத் தாமிரபரணியின் வண்டல் கடலிலிருந்து எட்ட நிறுத்திவிட்டதுபோல, இந்த நதியிலும் மண்தான் கடைசியில் ஜெயித்தது. கொல்கத்தாத் துறைமுகத்துக்கே வண்டல் பிரச்சினை வந்துதான் 1975-இல் ஃபராக்கா அணையிலிருந்து தண்ணீர் திருப்பினார்கள், 1977-இல் ஹால்தியாவில் கப்பல்துறை திறந்தார்கள். பாடப் புத்தகத்தில் பத்து வரியில் வரும் விஷயத்தை இங்கே படித்துறையில் நின்று கையை நீட்டிக் காட்டலாம்.

அடுத்தது ரயில். கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் பயணிகள் வண்டி 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 24 மைல் தூரத்தை 91 நிமிஷத்தில் கடந்தது. வழியில் நின்ற இடங்கள் பாலி, ஸ்ரீராம்பூர், சந்தன்நகர். நம் ராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது இதற்குப் பிறகு, 1856-இல்தான். இங்கும் வண்டி ஓடுவதற்குள் படாத பாடு பட்டார்கள். பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் முகத்துவாரத்தில் மூழ்கியது. எஞ்சின் வந்த கப்பல் வழி தவறி ஆஸ்திரேலியா போய்த் திரும்பியது. சந்தன்நகர் பிரெஞ்சு எல்லை என்பதால் பாதை போடுவதில் தகராறு வேறு. இந்தத் தடத்தில்தான் 1957-இல் ஹௌரா, ஷியோராபுளி இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஆக, நாம் ஏறி உட்காரும் லோக்கல் வண்டியின் பாதையே பார்க்க வேண்டிய சின்னங்களில் ஒன்று. அதனால்தான் இந்தப் பயணத்தை பஸ்ஸிலோ காரிலோ செய்யக் கூடாது என்கிறேன்.

ஸ்ரீராம்பூரிலிருந்து வடக்கே பதின்மூன்று கிலோமீட்டர் போனால் சந்தன்நகர். ஆற்றங்கரை ஓரமாக மரநிழலில் சிமெண்ட் பெஞ்சுகளோடு நீண்டு கிடக்கும் ஸ்ட்ராண்ட் சாலையில் நடந்தால், புதுச்சேரிக் கடற்கரைச் சாலை நினைவு வராமல் போகாது. டூப்ளே மாளிகை இப்போது அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. அரவிந்தர் 1910 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து படகில் வந்து மறைந்திருந்த ஊர் இது. இங்கிருந்துதான் அவர் ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். அங்கே பாரதியார் 1908 முதலே இருந்தார். சிங்கப்பூரில் நேதாஜியிடம் தலைமையை ஒப்படைத்த ராஷ் பிஹாரி போஸ் வளர்ந்த ஊரும் இதுதான். மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த படைக்கும் இந்தச் சிறு ஊருக்கும் உள்ள உறவை எத்தனை பேர் அறிவோம்?

இப்போது, "நம்மை அடிமைப்படுத்த வந்தவர்களின் கட்டடங்களைப் போய் எதற்குப் பார்ப்பது?" என்ற கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. என் பதிலும் அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. 1845-இல் டென்மார்க் அரசர் ஸ்ரீராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றார். வீடு வாசல், கோயில் குளம், மனிதர்கள் எல்லாம் கிரயத்தில் அடக்கம். காவிரிக்கரைத் தமிழனையும் ஹூக்ளிக்கரை வங்காளியையும் ஒரே பத்திரத்தில் விற்றார்கள். இருவரில் ஒருவரையும் கேட்கவில்லை. நூற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 1949 ஜூன் 19 அன்று, பக்கத்து ஊரான சந்தன்நகரில் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்து இந்தியாவோடு சேர்வதென்று முடிவு செய்தார்கள். புதுச்சேரியில் 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் அதே முடிவைச் சொன்னார்கள். விற்கப்பட்ட ஊரிலிருந்து வாக்களித்த ஊருக்கு ரயிலில் இருபது நிமிஷம். சுதந்திரம் என்றால் என்ன என்று ஒரு பேரனுக்கு விளக்க இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு யோசனையல்ல. லேக் மார்க்கெட் பக்கம் முன்பு தெருவுக்குத் தெரு தமிழ்க் குரல் கேட்டது. இன்று பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறார்கள். நாற்பது வருஷம் இங்கே சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்துவிட்டு, ஆபீஸ், வீடு, மார்க்கெட், கோயில் தவிர வேறெதுவும் பாராமல் புறப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகைக்கு இருந்த வீட்டைக்கூட ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தானே காலி செய்கிறோம்? இருப்பவர்களுக்கோ, இந்த ஊர் நமக்கு உத்தியோக ஊர் மட்டும்தானா, நம் ஊரா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஓர் ஊரின் கதை தெரிந்தவனுக்குத்தான் அது சொந்த ஊர்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் குளிர்காலத்தில், ஜனவரியில் ஒரு நாள், முப்பது பேர் போவோம். பஸ் பிக்னிக் வேண்டாம். ஐந்து இடம் காட்டுகிறேன் என்று பத்து நிமிஷத்துக்கொரு தடவை விசில் ஊதும் பயணத்தில் பாட்டுப் போட்டிதான் நினைவில் நிற்கும். காலையில் ஹௌராவுக்குள் வரும் வண்டிகளில்தான் கூட்டம். நாம் போவது எதிர்த் திசை, உட்கார இடம் கிடைக்கும். மாலையில் திரும்பும்போதும் அப்படியே. டிக்கெட் ஒரு தோசை விலைக்குக்கூட வராது. லோக்கல் வண்டியில் கழிப்பறை கிடையாது என்பதையும், நடை மேம்பாலப் படிகள் அதிகம் என்பதையும் பெரியவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொள்வோம். மாலையில் சந்தன்நகரில் ஜல்பரா சந்தேஷ் அவசியம். கடித்ததும் உள்ளிருந்து பாகு தெறிக்கும், வேட்டி ஜாக்கிரதை!

ஒரே ஒரு நிபந்தனை. வருகிறவர்களில் ஆளுக்கொரு விஷயத்தைப் படித்து வந்து அந்தந்த இடத்தில் ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். பள்ளி மாணவர்கள் தமிழில் சொல்ல வேண்டும். பஞ்சானன் கர்மகாரைப் பற்றிப் பேச நான் பெயர் கொடுத்துவிட்டேன். 1845 கிரயப் பத்திரமும் 1949 வாக்கெடுப்பும் காலியாக இருக்கின்றன. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் சொல்லவும்.