நீர் காட்டிய வழி

தென் அவுஸ்திரேலியாவில் மரீயிலிருந்து மார்லாவரை செல்லும் ஊட்னடாட்டா மண்பாதை ஏறத்தாழ 620 கிலோமீற்றர். நல்ல தார்வீதி இருக்க, இப்பாலைவழியில் மோட்டார் வண்டியும் கூடாரமுமாக ஏன் அலைந்தாய் என்று நண்பர்கள் நகைத்தனர். அங்கே பார்ப்பதற்கு என்ன உண்டு என்பது அவர்கள் வாதம்.

நான் கண்டது நீரின் ஆட்சி. நிலத்தடி நீர் தானே மேலெழுந்து குமிழியிடும் ஊற்றுக்களைத் தொடர்ந்தே பழங்குடியினரின் நடைவழி அமைந்தது. ஒட்டகக்காரரும், 1872இல் நிறைவெய்திய தந்திக் கம்பியும், 1980இல் கைவிடப்பட்ட புகையிரதப் பாதையும் அவ்வழியையே பற்றிச் சென்றன. இரவில் குடிநீர்க் கலத்தைத் தொட்டுப் பார்த்த பின்னரே நானும் கண்ணயர்ந்தேன். (ஊட்னடாட்டாவில் 1960இல் 50.7 பாகை வெப்பம் பதிவாயிற்று. நான் சென்றது, நல்லவேளை, குளிர்காலத்தில்!)

வழியில் கட்டி தண்டா எனும் ஏயர் ஏரி; கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வெண்ணிற உப்புப் படுகை. அதனைப் புனிதமெனப் போற்றும் அரபானா மக்கள், படுகையில் இறங்க வேண்டாமெனக் கேட்கின்றனர். இத்துணைத் தூரம் வந்தவனுக்குத் தடையா எனச் சினப்போர் உளர். நான் அவர் கட்சியினன் அல்லேன். அந்நிலத்தில் ஒரு சக்கரத்தடம் நெடுங்காலம் அழியாது. அது வேறொருவர் வீட்டு முற்றமுமாகும். கரையில் நின்றே பார்த்துவிட்டு, பொழுது சாயுமுன் அடுத்த ஊற்றை நோக்கி வண்டியைச் செலுத்தினேன்.