நேர்ச்சையும் விவேகமும்



ஆவணி பிறந்ததும் வேளாங்கண்ணியை நோக்கிக் காவியுடைத் திருக்கூட்டங்கள் நடக்கத் தொடங்கிவிடுகின்றன. கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் வழியாகச் செல்வோர் ஒருபுறம்; செங்கற்பட்டிலிருந்து மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் வழியாகச் செல்வோர் மறுபுறம். புதுச்சேரியில் கூடும் இவர்கள் கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் கடந்து அன்னையின் திருத்தலத்தை அடைகின்றனர்.

மாமல்லபுரத்திலிருந்து தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் என்றால் பத்து நாள் ஆகும். ஆகஸ்டு 29 கொடியேற்றத்தைக் காண விழைவோர் 17ஆம் தேதியே புறப்படுதல் நலம். இரண்டு நாள் மிச்சமிருந்தால் நோயுற்றவரை விரட்டி நடத்த நேராது.

வெயில் ஏறுமுன் பாதி வழியையும், மாலையில் மீதியையும் நடந்து முடியுங்கள். நள்ளிரவு நடை வேண்டாம். சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வாகனங்களைக் கண்டவாறு வரிசையாகச் செல்லுங்கள். இருளில் காவியுடை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. முதுகிலும் மார்பிலும் ஒளிரும் பட்டை அணியுங்கள். சப்பரம் இடப்புறம் செல்லவேண்டியிருப்பதால், அதன் பின்னே சிவப்பு விளக்குடன் ஒருவர் வரட்டும். ஒலிபெருக்கி வாகன ஒலியை மறைக்குமளவு முழங்க வேண்டாம்.

புதுச் செருப்பு வேண்டாம். பழகிய செருப்பே துணை. கொப்புளத்தைக் குத்தி உடையாமல், கழுவித் தூய துணியால் மூடுங்கள். தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துங்கள். மோரில் உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமானதொன்று. "வெறுங்காலுடன் வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்" என்று சொல்லும் நீரிழிவு நோயாளர் பலர். அவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம். கொதிக்கும் தார்ச்சாலையில் வெந்த புண் வலிக்காமலே அழுகி, காலை இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். மருந்தை நிறுத்தி நடப்பதும் பக்தியன்று.

நேர்ச்சையை மீறினால் பாவமாகுமோ என்று அஞ்சுகிறீர்களா? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1196ஆம் பிரிவு, நியாயமான காரணமிருப்பின் தனியார் நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தைப் பங்குக்குருவுக்கு வழங்கியுள்ளது. நேர்ந்தவர் தாமே அதனைச் சமமான அல்லது மேலான நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் 1197ஆம் பிரிவு இடமளிக்கிறது. செருப்பணிந்து நடக்கலாம்; பேருந்தில் சென்று, அந்நாள்களில் ஏழை நோயாளி ஒருவருக்கு உணவளிக்கலாம். ஆகவே புறப்படுமுன் உங்கள் பங்குக்குருவிடம் மனந்திறந்து பேசுங்கள். பாவசங்கீர்த்தனமும் செய்து, லேசான உள்ளத்துடன் நடக்கத் தொடங்குங்கள்.

ஆரோக்கிய அன்னை என்று நாம் அழைக்கும் தாய், பிள்ளைகளின் ஆரோக்கியம் கெடுவதை விரும்புவாளோ? அவள் பரிந்துரையால் அனைவரும் நலமே சென்று, நலமே இல்லம் திரும்புவீர்களாக.