சுண்ணாம்பிலிருந்து தொடங்குங்கள்



வடமாலபேட்டையிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் புத்தகத்தில் பவளப்பாறைப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது கல்லா, செடியா?" என்று கேட்டிருக்கிறாள். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். கடலைச் சென்னைக்குப் போனபோது ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். "எனக்கே பவளம் என்றால் திருப்பதிக் கடைத்தெருவில் விற்கிற மோதிரப் பவளம்தான் தெரியும். கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று முடித்திருக்கிறார்.

மகள் கேட்டது சின்னக் கேள்வி அல்ல. பெய்சொன்னல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1720-களில் பவளம் ஒரு விலங்கு என்று சொன்னபோது, பாரிஸ் அறிவியல் கழகம் அதை ஏற்கவில்லை. செடி என்றே அன்றைய அறிஞர்கள் நம்பினார்கள். இன்று நமக்கு விடை தெரியும். அது விலங்கு. தன் சதைக்குள் நுண்ணிய பாசியைக் குடிவைத்திருக்கும் விலங்கு. தனக்குக் கீழே கல்லைக் கட்டிக்கொண்டே போகும் விலங்கு. செடியா கல்லா என்று கேட்ட அந்தப் பிள்ளையின் கண்ணில் பட்டதும் பொய்யில்லை. மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. பாறை கட்டும் பவளங்களுக்கு அது உறவு, ஆனால் அது பாறை கட்டுவதில்லை. இதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

பவளப்பாறை என்றாலே "அழிந்துகொண்டிருக்கிறது" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறோம். ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படித் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முகம் தெரியாத ஒருவரின் சாவுச் செய்தியைப் பிள்ளை என்ன செய்யும்? முதலில் அந்த உயிர் எப்படிச் சாப்பிடுகிறது, எப்போது தூங்குகிறது, வீட்டை எதனால் கட்டுகிறது என்று பழகட்டும். கவலைப்படுவதற்குக் காலம் இருக்கிறது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையைக் கையை மூடி உட்காரச் சொல்லுங்கள். மூடிய கை, பகல்நேரப் பவள உயிர். பெரும்பாலானவை பகலில் தம் சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் சுருங்கிக்கொள்ளும். இப்போது விரல்களை மெல்ல விரிக்கச் சொல்லுங்கள். இருட்டியதும் அவை இப்படித்தான் வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளை நீட்டி, மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். அண்ணன், தங்கை, அப்பா எல்லாரும் கைகளை நெருக்கி வைத்தால் ஒரு கூட்டமாகிவிடும். ஆயிரமாயிரம் உயிர்கள் அப்படி ஒட்டி வாழ்வதுதான் படத்தில் பார்த்த ஒற்றைப் பவளம். மூளைப் பவளம் என்று ஒரு வகை உண்டு. அதன் மேற்பரப்பு மார்கழி வாசலில் போடும் சிக்குக் கோலம் போல வளைந்து வளைந்து போகும். மகளையே அதை வாசலில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்தது கல். இதற்கு உங்கள் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. அவ்வாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஒரு கண்ணாடி டம்ளரில் இறுத்து, அதே அளவு நல்ல தண்ணீர் சேருங்கள். பிள்ளை ஒரு உறிஞ்சுகுழலால் அதற்குள் மூச்சை மெதுவாக ஊதட்டும். உறிஞ்சக் கூடாது, கண்ணில் தெறிக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலிருக்கும் கரியமில வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டான கால்சியம் கார்பனேட் அது. பவளம் கட்டுவதும் இதே பொருளைத்தான். முட்டை ஓடும் அதுதான், சங்கும் அதுதான். உங்கள் சமையல் மேடையில் கடப்பைக் கல் பதித்திருந்தால் அதுவும் சுண்ணாம்புக்கல்லே. இன்றைய பவளங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு, நம் கடப்பைப் பக்கம் கடலாக இருந்தபோது படிந்தது. எலுமிச்சைச் சாறு சிந்தினால் அந்த மேடையில் வெள்ளைத் தழும்பு விழுவது ஏன் என்று இனிப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.

வெளுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து ஊதினால் அந்தப் பால்நிறம் கலைந்து நீர் மறுபடி தெளியத் தொடங்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும். கரியமில வாயு அளவுக்கு மீறிச் சேர்ந்ததும், உண்டான சுண்ணாம்பே கரைந்துவிடுகிறது. நாம் விடும் புகையில் உள்ள கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் கடல்நீரின் தன்மை மாறி, பவளத்துக்கு வீடு கட்டுவது வரவரக் கடினமாகிறது. டம்ளரில் நடப்பது போல ஒரே காலையில் பாறை கரைந்துவிடாது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். பிள்ளையை வீணாகப் பயமுறுத்தக் கூடாது.

வடமாலபேட்டைக்காரர்களுக்கு இன்னொன்று. கை முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுகிற ஊர் நம்முடையது. பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டில் உள்ள நுண்துளைகள் மனித எலும்பின் துளைகளை ஒத்திருப்பதால், அதிலிருந்து செய்த பொருளை எலும்பு அறுவை சிகிச்சையில் இடைவெளி நிரப்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கட்டுப் போட்டுக்கொண்ட அனுபவமுள்ள பிள்ளைகள் இந்தச் செய்தியை மறக்க மாட்டார்கள். கிளிமீன் பவளப்பாறையைச் சுரண்டித் தின்று, சுண்ணாம்பை வெள்ளை மணலாகக் கழிக்கிறது என்பதையும் மறக்க மாட்டார்கள்.

நமக்கு அருகில் இருக்கும் பெரிய பவளப்பாறைகள் மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி இருக்கின்றன. 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அந்தத் தீவுகளின் கதைக்குள்ளும் சுண்ணாம்புதான் இருக்கிறது. வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாய்களில் சுடவும் பல பத்தாண்டுகள் அங்கே பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கி நின்ற பாறை போனதும் கரை அரித்தது. அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவு 1969-ல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் இருந்தது, 2015 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு.

கோடை வெப்பம்தான் இப்போதைய பெரிய கவலை. கடல்நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால், பவளம் தன் சதைக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் உணவின் பெரும்பகுதியும் அந்தப் பாசி கொடுப்பவை. எனவே பவளம் வெளுத்து, பசியில் வாடுகிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் வெளுத்தது. 2016-ல் வெளுத்த பவளங்களில் பல மீளாமல் இறந்தன. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் இதை மறைக்காதீர்கள். ஆனால் சொல்லும்போது மறுபாதியையும் சொல்லுங்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் உயிருள்ள பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்துவருகிறார்கள். வான் தீவைச் சுற்றி 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அவற்றில் மீன்கள் குடியேறின, பவளங்களும் தாமாகவே முளைத்தன. தண்ணீருக்குள் மூழ்கிப் பவளம் நடுவது ஒரு வேலை, அதைச் செய்து சம்பளம் வாங்குகிறவர்கள் நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டதும் பல பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

நம் பகுதிக் குடும்பங்கள் பல ராமேஸ்வர யாத்திரை போகின்றன. திருப்பதியிலிருந்து நேரடி ரயிலே இருக்கிறது. அடுத்த முறை போகும்போது மண்டபத்தில் அரைநாள் ஒதுக்குங்கள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபம் மையத்தில் மீன் காட்சியகம் இருக்கிறது. கரையில் யாராவது பவளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். சட்டப்படி அது குற்றம், ஏன் குற்றம் என்று பிள்ளையிடம் அங்கேயே நின்று பேசுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு நீர் சோதனையைச் செய்து முடித்ததும் மகள் நிச்சயம் நான்கைந்து கேள்வி கேட்பாள். உங்களுக்கு விடை தெரியாதவற்றை அவள் கையெழுத்திலேயே, தெலுங்கிலோ தமிழிலோ, எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். மற்ற வாசகர்களும் அனுப்பலாம். துறை அறிந்தவர்களிடம் விடை கேட்டு வாங்கி, வரும் இதழ்களில் பிள்ளைகளின் கையெழுத்தோடு சேர்த்தே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்