குரல் நடுங்கினால் என்ன?

போன மாதம் ஒரு மருமகள் தன் மாமியாரை என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்திருந்தார். மாமியாருக்கு வயது 76. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. நாடி பார்த்து மருந்து எழுதிக் கொடுத்ததும் மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டாக்டர், எங்க தெருக் கோயில் திருவிழாவுல பழைய பாட்டுக் கச்சேரி வைக்கிறாங்க. அத்தை போயே ஆகணும்னு அடம் பிடிக்கிறாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் பனியில உட்காரலாமா? நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க."

மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் பார்வை!

"தாராளமா கூட்டிக்கிட்டுப் போங்கம்மா" என்றேன். மருமகள் திகைத்துப் போய்விட்டார். பத்து, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் நானும் "வேண்டாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். யாரிடம் தெரியுமா? என்னைப் பெற்ற அப்பாவிடம்.

அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணக்கு எழுதியவர். காலையில் சோளிங்கரிலிருந்து பஸ் ஏறினால், இரவு தோல் வாடையோடு வீடு திரும்புவார். குளித்துவிட்டு வந்து உட்காருவது ரேடியோ முன்னால்தான். அந்த ரேடியோவுக்கு வருடா வருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் அது. இலங்கை வானொலியில் மயில்வாகனன் பேசுவதைப் போலவே அப்பாவும் பேசிக் காட்டுவார். நான் பிறந்ததே 60-களின் கடைசியில். ஆனாலும் அந்தப் பத்தாண்டின் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாம் அப்பா கொடுத்த கடன்!

அது என்ன சாதாரணக் காலமா? விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து கிதார், அக்கார்டியன், பாங்கோ, விசில் என்று எதையும் விட்டு வைக்காமல் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்த காலம். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது தியேட்டரில் உட்கார்ந்தபடியே காலால் தாளம் போட்டதாக அப்பா சொல்வார். அதே சமயத்தில்தான் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் பையன்கள் ஊரையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் மட்டும் என்ன குறைச்சல்? 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இரட்டையர் பிரிந்ததை அப்பா தன் குடும்பத்தில் நடந்த பாகப்பிரிவினை மாதிரிதான் சொல்வார். முப்பது வருடம் கழித்து, 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மறுபடி சேர்ந்தபோது வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்!

அப்படிப்பட்டவர் 2012 வாக்கில் ஒருநாள் என்னிடம் வந்தார். "டேய், மெட்ராஸ்ல விஸ்வநாதன் கச்சேரியாம். ஒரு தபா நேர்ல பாத்துட்டு வந்துடலாமா?"

நான் சட்டென்று சொன்னேன். "நைனா, உங்க பிபிக்கு மூணு மணி நேர பஸ் பயணம் ஆகாது. ராத்திரிப் பனி வேற. டிவியில வந்தா பாத்துக்கலாம்."

படித்த படிப்பு அப்படி. மனித ஆயுளை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கை வாத காலம், நடுப் பங்கை பித்த காலம், கடைசிப் பங்கைக் கப காலம் என்பது சித்த மருத்துவம். அறுபத்தேழு தாண்டியவருக்குக் குளிர்ச்சி ஆகாது, கபம் கட்டும் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தது தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. வைத்தியன் பேசினான்; மகன் பேசவில்லை. அப்பா மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்.

2015 ஜூலை 14-ம் தேதி எம்.எஸ்.வி. மறைந்தார். செய்தி கேட்டதும் அப்பா எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். பிபியைக் கடைசிவரை கட்டுக்குள்தான் வைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய பாடகர்கள் மேடை ஏறினால் நம்மில் சிலர் உடனே ஆரம்பித்துவிடுகிறோம். "குரலே போச்சு, இன்னும் எதுக்குப் பாடறாங்க? மரியாதையா வீட்ல உட்காரலாமில்ல?" நான் கேட்கிறேன், குரல் மட்டும் ஏன் மூப்படையக் கூடாது? தலை நரைக்கிறது, தோல் சுருங்குகிறது. அதுபோலத்தான் குரல் நாண்களின் தசையும் வயதானால் மெலிகிறது. அவற்றின் மேல் இருக்கும் ஈரப்பசை குறைகிறது. விலா எலும்புக் கூடு இறுகுவதால் ஒரே மூச்சில் இழுக்க முடிவதில்லை. பெண்களுக்குக் குரல் சற்றுக் கனக்கும். ஆண்கள் சிலருக்கு மெலிந்து கீச்சென்று ஆகும். இது நோயல்ல, இயற்கை.

அந்த மூத்த குரலால் மட்டுமே முடிகிற காரியமும் உண்டு. 2002-ல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், சொந்த மண்ணை விட்டு அகதியாகப் புறப்படும் ஜனங்களுக்கான பாட்டை ஏ.ஆர். ரஹ்மான் யாரைப் பாட வைத்தார்? 73 வயது எம்.எஸ்.வி.யை! இருபது வயதுக் குரலால் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்க முடியுமா? 2010 கோவை செம்மொழி மாநாட்டுப் பாடலில் டி.எம்.எஸ். பாடியபோது அவருக்கு 88 வயது. அதே பாடலில் பி. சுசீலாவும் உண்டு. 1961-ல் 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டால் வீடு வீடாக நுழைந்த எல்.ஆர். ஈஸ்வரி, சரியாக ஐம்பது வருடம் கழித்து 2011-ல் 'ஒஸ்தி' படத்தில் பாடி, பேரன் பேத்திகளையும் ஆட வைத்தார்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகருக்கு 2019 ஏப்ரலில் இதய வால்வுக்குச் சிகிச்சை நடந்தது. ஜூன் மாதமே மேடைக்குத் திரும்பிவிட்டார். 2024-ல் 80 வயதில் ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடினார். அவர் பிறந்த அதே 1943-ல் பிறந்த நம் இளையராஜா, 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். மேடையில் இருப்பவருக்கு 80 வயது என்றால் கை தட்டுகிறோம். வீட்டில் இருப்பவருக்கு 70 என்றால் போர்வையைப் போர்த்திப் படுக்க வைக்கிறோம். இது என்ன நியாயம்?

அப்பா போன பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். கொஞ்ச காலமாக ஞாபக மறதியும் சேர்ந்துவிட்டது. சாப்பிட்டு அரைமணி கழித்து "இன்னும் சாப்பாடு போடலியா?" என்பார். சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் ஒரு மெல்லிசைக் கச்சேரி. பிரபலமான குழு எல்லாம் இல்லை. 70-களில் இந்தச் சுற்று வட்டாரக் கல்யாணங்களில் வாசித்தவர்கள் மறுபடி ஒன்றாகக் கூடியிருந்தார்கள். டி.எம்.எஸ். குரலில் பாடுகிறவருக்கு 74 வயது, டேனரி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவை அழைத்துப் போனேன்.

மேல் ஸ்தாயியில் அவருக்குக் குரல் உடைந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற பையன்கள் "தாத்தாவுக்கு மூச்சு வாங்குது, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கடா" என்று சிரித்தார்கள். நான்காவது பாட்டில் அவருக்குச் சரணத்தில் ஓர் அடி மறந்தே போய்விட்டது. கீ-போர்டுக்காரர் அதையே திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளிக்கிறார். அப்போது என் பக்கத்து நாற்காலியிலிருந்து மெல்லிய குரலில் அந்த அடி வந்தது. அம்மா! ஒரு சொல் பிசகவில்லை. தொடையில் தாளம் வேறு.

பாட்டு முடிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவுக்குப் பிடிச்ச பாட்டுடா இது. அவரையும் கூட்டியாந்திருக்கலாமில்ல?"

அப்பா இல்லை என்பதை மறந்து கேட்டாரா, எல்லாம் தெரிந்தே கேட்டாரா... இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

பாட்டு கேட்டால் மறதி நோய் குணமாகும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுநாள் காலையில் அம்மா பழையபடி "காபி குடிச்சேனா?" என்றுதான் கேட்டார். ஆனால் இள வயதில் கேட்ட பாட்டு மற்ற ஞாபகங்களைவிட ஆழமாக வேர் விட்டிருக்கும். பேர் மறந்தவர்களுக்கும் ராகம் மறப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் அம்மா அம்மாவாக இருந்தார். அது போதாதா? வயதானவர்களுக்குப் பத்தியமும் மாத்திரையும் ஆயுளை நீட்டிக்க. அந்த ஆயுள் எதற்காக என்பதையும் யாராவது யோசிக்க வேண்டாமா?

கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வைத்தியனாகச் சில வார்த்தைகள்:

* ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலை 15 நிமிடம்தான் தாங்கும். பின் வரிசையில் ஓரமாக இடம் பிடியுங்கள்.

* இரவு மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்கு முடியட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கையில் இரண்டு பிஸ்கட் இருக்கட்டும்.

* தலைக்கு மஃப்ளர், பிளாஸ்கில் சுக்கு போட்ட வெந்நீர். தொண்டைக்கு நல்லதென்று அதிமதுரத்தை மெல்லக் கொடுப்பவர்கள் கவனம்: ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது அழுத்தத்தை ஏற்றிவிடும்.

* கழிப்பறை எங்கே என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். பாதியில் வீட்டுக்குப் போகலாம் என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

எங்கள் ஊர் யோக நரசிம்மர் மலைக்கு ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் ஒத்துழைக்காத பெரியவர்கள் வருடக்கணக்கில் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். 2024-ல் ரோப் கார் வந்ததும் அவர்களும் மேலே போய் வருகிறார்கள். ஆசை அப்படியேதான் இருந்தது. ஏற்றிவிட ஆள்தான் இல்லை. கச்சேரிக்கும் அதே கதைதான். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள், "உங்களுக்கு யார் பாட்டு பிடிக்கும்?" என்று.

ஆரம்பத்தில் சொன்ன மாமியார் போன வாரம் மறுபடி வந்தார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. என்னம்மா என்றேன்.

"கச்சேரியில சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாங்க டாக்டர். பாட்டு கேட்ட ஜோருல ரெண்டு தொன்னை சாப்பிட்டுட்டேன்."

மருமகள் என்னைப் பார்த்தார், நான் திட்டுவேன் என்று. மருந்தின் அளவைச் சரிபார்த்துவிட்டு, "எந்தப் பாட்டும்மா?" என்று கேட்டேன்.