ஆளுக்கு அளந்த ஆசனம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸோபா வீற்றிருக்கிறது. அதன்மேல் நாம் உட்காருகிறோமா, அல்லது அது நம்மை விழுங்குகிறதா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாங்கிய புதிதில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் புகழ்ந்தார்கள். என் தாயார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் பிற்பகல் நான் வெளியே போய்விட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். போகும்போது ஸோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா, வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"காப்பி கூடச் சாப்பிடவில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"எழுந்திருக்க முடிந்தால் அல்லவா காப்பி?" என்றாள் அம்மா.

81 வயது முழங்கால்களுக்கு அந்த மெத்தைப் பள்ளத்திலிருந்து கரையேறச் சக்தியில்லை. எனக்கு உண்டான வெட்கத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை.

மறுநாள் நாற்காலிக் கடைகளுக்குப் படையெடுத்தேன். கடைக்குக் கடை வர்ணம் வேறு, விலை வேறு. உயரம் மட்டும் பதினெட்டு அங்குலம்! உலகத்திலுள்ள முழங்கால்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது தொழிற்சாலைக்காரர்களின் சித்தாந்தம் போலும். இந்தச் சித்தாந்தத்துக்கு வயது அதிகம். 1859-ஆம் வருஷத்திலேயே ஆஸ்திரியாவில் தோனெட் என்பவர் ஆறு மரத் துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் கொண்டு ஒரு நாற்காலியைச் செய்தார். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். கப்பலேற்றுவதற்கு மகா சௌகரியமான ஏற்பாடு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் தாயாரின் கால்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை, அவ்வளவுதான்.

பொன்னேரியில் இருக்கும் எனக்குக் கும்மிடிப்பூண்டி தூரமல்ல. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் வயோதிக ஆசாரி ஒருவர் வேலை செய்வதாகச் சிநேகிதர் ஒருவர் சொன்னார். சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள், லாரிகளின் புழுதி, அதன் நடுவே இழைப்புளியின் சப்தம். ஆசாரியார் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அம்மாவைப் பார்க்க வேண்டுமே!" என்றார். நான் கையோடு கொண்டு போயிருந்த படத்தை அவர் பார்க்கவேயில்லை.

வந்தார். முதலில் அளவு நாடாவை எடுக்கவில்லை. "அம்மா, ஒரு தடவை எழுந்து காட்டுங்கள்" என்றார். அம்மா சாப்பாட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இன்னொரு தடவை." நான்கு தடவை ஆயிற்று. வைத்தியர் கூட அவளை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பிறகுதான் அளந்தார்: முழங்காலின் உட்பக்கத்திலிருந்து தரை வரையில் பதினைந்தரை அங்குலம்.

"அப்படியானால் பதினைந்தரை உயரம் போதுமே?" என்று என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

"உட்காரப் போதும், ஐயா. எழுந்திருக்கப் போதாது" என்றார் ஆசாரியார்.

விஷயம் இதுதான். ஆசனம் தாழ்ந்திருந்தால் பாதம் தரையில் பதியும். ஆனால் எழுவது கஷ்டம். உயர்ந்திருந்தால் எழுவது சுலபம். ஆனால் கால்கள் தொங்கி, தொடையின் அடிப்புறம் மரத்துப் போகும். ஆகவே உயரம் பதினாறரை அங்குலம். முன் விளிம்பை நன்றாக உருட்டிவிட வேண்டும். கைகள் இரண்டும் ஆசனத்தின் முன் விளிம்பு வரையில் நீண்டு, பிடிப்பதற்கு உருண்டையாக முடிய வேண்டும். முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் கூடாது. ஏனென்றால், மனிதன் எழுந்திருக்கும்போது பாதங்களைப் பின்னால் இழுத்துக்கொள்கிறான். சட்டம் இருந்தால் குதிகால் தடுக்கும். 50 வருஷமாக நாள்தோறும் உட்கார்ந்து எழுந்தும் இது எனக்குத் தெரியாது!

அடுத்தபடி மரம். "பர்மாத் தேக்கு" என்று கம்பீரமாகச் சொன்னேன். ஆசாரியார் சிரித்தார். சிரிக்க நியாயமுண்டு. பர்மா இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்தது 1937-ல். 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்நாட்டார் முழு மரமாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்தினார்கள். இன்று வாடிகளில் அடுக்கியிருக்கும் தேக்கில் கானாவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் வந்தது உண்டு. இத்தனைக்கும் தேக்கைத் தோட்டமாகப் பயிரிடும் வித்தையை 1840-களில் நிலம்பூரில் செய்து காட்டியது நமது மலையாள தேசம். மலபார் கலெக்டர் கானலி துரையின் பெயர் அந்தத் தோப்புக்கு நிலைத்தது. நட்டு வளர்க்கும் வேலையைப் பார்த்தவர் சாத்து மேனோன்.

"இடித்த வீட்டு உத்தரம் ஒன்று வாடியில் இருக்கிறது. அது சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கி முடித்த மரம்" என்றார் ஆசாரியார். பச்சை மரம் காய்கையில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளி நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவசரக்காரன் செய்த மேஜை கோணுவதும் வெடிப்பதும் இதனால்தான். பழைய உத்தரத்தில் அந்தப் பயமில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி உளியின் வாயைக் கெடுக்கும் என்ற பயந்தான்.

கூலி பேசியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் கேட்ட தொகை கடை நாற்காலியின் விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நான் பேரம் பேசினேன். உள்ளேயிருந்து அம்மா, "ஸோபாவுக்கு என்ன கொடுத்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முன்பணத்தை எண்ணி வைத்தேன்.

"இரண்டு வாரம்" என்றார். ஆசாரிகளின் வாரத்துக்கு எத்தனை நாள் என்பதைப் பஞ்சாங்கக்காரர்கள் ஆராய வேண்டும். நான்காவது வாரத்தில் மொபெட்டின் பின்னால் ஒரு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எனக்குக் கோபம் பொங்கியது. வெளுத்த பைன் மரம், இழைக்காத கால்கள், ஒரு காலின்மேல் கறுப்பு முத்திரை வேறு!

"இது சோதனைக்கு, ஐயா. அம்மா பத்து நாள் உட்காரட்டும்" என்றார்.

தொழிற்பேட்டைக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பெட்டியின் பலகை அது. முத்திரையும் விலாசமல்ல. பெட்டி மரத்தோடு பூச்சிகளும் தேசம் விட்டுத் தேசம் போகாதிருக்க, மரத்தின் நடுப்பாகம் 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிஷம் இருக்க வேண்டுமென்பது 2002-ல் ஏற்பட்ட சர்வதேச விதி. சூடேற்றியதற்கு அடையாளம் 'ஹெச்.டி.' என்ற எழுத்துக்கள். மருந்துப் புகையிட்டதற்கு 'எம்.பி.'. புகையிட்ட பலகையை ஆசாரியார் தொடுவதில்லையாம்.

அப்போது எனக்குப் புதுச்சேரி நினைவு வந்தது. அரவிந்த ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியைக் கட்ட 1937-ல் வந்த ஜார்ஜ் நகஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், கட்டிடச் சிற்பி. அங்கே தங்குவோருக்காகத் தேக்கில் ஆசனங்களும் அமைத்தார். சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். பின்னால் யுத்த காலத்தில் அமெரிக்க சர்க்கார் அவரை முகாமில் அடைத்தபோது, உடனிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் உளிப் பழக்கம் கற்று, உலகப் புகழ் பெற்ற மரவேலைக்காரர் ஆனார். அவரைக் காணக் கடல் கடந்து போனவர்கள் உண்டு. எங்கள் ஆசாரியாரைக் காண ஒரு ரயில் சீட்டுப் போதும்; போகிறவர்கள்தான் குறைவு. அவருடைய பிள்ளை பக்கத்து ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான்.

பத்து நாளில் அம்மா இரண்டு குறை சொன்னாள்: முதுகு கொஞ்சம் சாய வேண்டும், இடது கை அரை அங்குலம் உயர வேண்டும். அவளுக்கு இடது தோள் வலி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆசாரியார் பென்சிலால் பலகைமேல் குறித்துக்கொண்டார்.

ஏழாவது வாரம் தேக்கு நாற்காலி வந்தது. கழுந்தும் துளையும் பொருந்திய இடத்தில் நகம் நுழையவில்லை. அம்மா உட்கார்ந்தாள். கைகளைப் பிடித்துக்கொண்டு, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, எழுந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. சமையலறைக்குப் போய் ஆசாரியாருக்குத் தானே காப்பி கலந்து கொண்டுவந்தாள்.

புறப்படும்போது அவர் பைன் நாற்காலியைத் திரும்பக் கேட்டார். அடுத்தவர்களுக்குச் சோதனைக்கு உதவுமாம். அம்மா கொடுக்க மறுத்துவிட்டாள். காய் நறுக்கும்போது உட்கார அதுதான் வசதியென்கிறாள். அதன் விலையையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன். இந்தத் தடவை பேரம் பேசவில்லை.