குளிர் மேல பழியைப் போடாதீங்க

நவம்பர் பொறந்துட்டா சிகாகோ பக்கம் நம்மாளுங்க கூடுற இடத்துல ரெண்டு பேச்சு தவறாம வரும். ஒண்ணு, டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போற டிக்கெட் விலை. இன்னொண்ணு, "காலைல வண்டிய எடுத்தா அந்த மஞ்ச லைட்டு எரியுதுப்பா". குதிரை லாடத்துக்கு நடுவுல ஆச்சரியக்குறி போட்ட மாதிரி டாஷ்போர்டுல எரியுமே, அதேதான். உடனே பக்கத்துல சாம்பார் ஊத்திக்கிட்டு நிக்கிற இன்னொருத்தர் தீர்ப்பு சொல்லிடுவாரு: "அது குளிருக்கு அப்படித்தாங்க எரியும், கொஞ்சம் ஓட்டினா அணைஞ்சிடும், கண்டுக்காதீங்க."

இந்தக் "கண்டுக்காதீங்க" மேலதான் எனக்குக் கோவம். பொய்யா இருந்தா யாராவது மறுத்துப் பேசியிருப்பாங்க. பாதி உண்மைங்கிறதால வருசா வருசம் கைமாறிக்கிட்டே இருக்கு.

உண்மைப் பாதிய முதல்ல பாத்துடுவோம். குளிர்ல காத்து சுருங்கும். ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தோமே, அந்தக் கதைதான். வெப்பம் 10 டிகிரி பாரன்ஹீட் இறங்கினா டயர்ல சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். செல்சியஸ்ல சொன்னா அஞ்சரை டிகிரிக்கு ஒண்ணு. நாம சென்னையில இதைக் கவனிச்சதே இல்ல, ஏன்னா கவனிக்க அங்க ஒண்ணும் இல்ல. மார்கழிக்கும் சித்திரைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பெட்ரோல் பங்க்ல பையன் "எவ்ளோ சார், முப்பதா?"ன்னு கேப்பான், தலையாட்டுவோம், காத்து புடிப்பான், அஞ்சோ பத்தோ குடுத்துட்டு வந்துடுவோம். டயர்ல எவ்வளவு காத்து இருக்குன்னு நாமளே குனிஞ்சு பாக்குற பழக்கம் நமக்கு வந்ததே இல்ல. அந்தப் பழக்கத்தோடயே ஃப்ளைட் ஏறி இங்க வந்துட்டோம்.

இப்ப மீதிப் பாதி. கணக்கு போட்டே பாத்துடலாம், பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான். அக்டோபர்ல ஒரு நல்ல நாள், வெளிய 70 டிகிரி பாரன்ஹீட். வண்டிக்குச் சொல்லியிருக்குற அளவு 33, சரியா 33 புடிச்சாச்சு. ஜனவரியில 0 டிகிரிக்கு இறங்குது, அதாவது மைனஸ் 18 செல்சியஸ். ஒரு துளி காத்துகூட வெளிய போகலைன்னு வைங்க. அப்ப டயர்ல இருக்குறது கிட்டத்தட்ட 26.7.

அந்த மஞ்ச லைட்டு எப்ப எரியணும்? அமெரிக்கச் சட்டப்படி, சொல்லியிருக்குற அளவுல 25 சதவீதம் குறைஞ்சா கட்டாயம் எரிஞ்சாகணும். 33-க்கு 25 சதவீதம் கழிச்சா 24.75. நம்ம டயர் இருக்குறது 26.7-ல. அந்த அளவுல வச்ச வண்டின்னா லைட்டு எரியக்கூடாது! 2019 ஜனவரி 30-ஆம் தேதி சிகாகோவுல மைனஸ் 23 பாரன்ஹீட் போச்சே, எச்சில் துப்பினா உறைஞ்சு விழும்னு எல்லாரும் வீட்டுக்குள்ள முடங்கிக் கிடந்தோமே, அந்தக் குளிருக்கே கணக்கு 24.6-கிட்டதான் வருது. அதாவது சரியா காத்து புடிச்ச டயரை வெறும் குளிரால மட்டும் அந்தக் கோட்டைத் தொட வைக்கணும்னா அப்படி ஒரு நாள் வேணும். (சில கம்பெனி வண்டிகள்ல கொஞ்சம் முன்னாடியே எரியுற மாதிரி வச்சிருப்பாங்க, அது வேற.)

அப்ப 25 டிகிரி, 30 டிகிரி காலையிலயே லைட்டு எரியுதுன்னா? குளிர் வர்றதுக்கு முன்னாடியே டயர்ல காத்து கம்மியா இருந்திருக்கு. ரப்பர் வழியா மாசத்துக்கு 1 பி.எஸ்.ஐ. போல தானா கசியும், அது எல்லா டயருக்கும் உள்ளது. மே மாசம் ஆயில் மாத்தும்போது கடைக்காரர் புடிச்ச காத்தோட நவம்பர் வரைக்கும் ஓட்டினா அஞ்சாறு பி.எஸ்.ஐ. அதுலயே போச்சு. இல்லேன்னா எங்கயோ ஓட்டை இருக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும் "கண்டுக்காதீங்க" பதில் இல்ல.

ஓட்டினா அணைஞ்சிடும்ங்கிறதும் நிசம்தான். டயர் உருள உருளச் சூடாகும், உள்ள இருக்குற காத்து விரியும், நாலஞ்சு பி.எஸ்.ஐ. ஏறும், லைட்டு அணையும். ஓட்டை அடைஞ்சிடுச்சுன்னு அதுக்கு அர்த்தமா? தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் ரெண்டு வாரம் காலைல எரியும் மத்தியானம் அணையும்னு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு சனிக்கிழமை குடும்பத்தோட மேடிசன் போற வழியில ஐ-90-ல பின் சக்கரம் போச்சு. பின்னாடி ரெண்டு சின்னப் பசங்க. வெளிய 5 டிகிரி. ரோட்டோரமா நிறுத்திட்டு இழுவை வண்டிக்கு ஒண்ணேகால் மணி நேரம், பக்கத்துல பெரிய பெரிய லாரியா பறக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. டயர்ல ஒரு சின்ன ஆணி, எத்தனை நாளா இருந்துச்சோ. காத்து கம்மியான டயரோட பக்கச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கிச் சூடேறும், ஒரு கட்டத்துல பிச்சுக்கும். வெளிய பனி கொட்டுதுங்கிறதால உள்ள சூடேறாதுன்னு நினைக்காதீங்க.

இந்த லைட்டு வண்டிக்கு வந்த கதையே அதுதான். 2000-ல ஃபயர்ஸ்டோன் டயர் பிரிஞ்சு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டு இருநூறு பேருக்கு மேல செத்த விவகாரம் பெருசானப்ப, அதே வருசம் அமெரிக்காவுல சட்டம் போட்டாங்க. அதன்படி 2007 செப்டம்பர்ல இருந்து இங்க தயாராகுற எல்லாப் புதுக் கார்லயும் இந்த லைட்டு கட்டாயம். அதைத்தான் நாம சாம்பார் கரண்டியோட "கண்டுக்காதீங்க"ங்கிறோம்.

சரி, குளிரா ஓட்டையான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்க, பத்து டாலருக்குள்ள கிடைக்கும். காலைல வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி, குறைஞ்சது மூணு மணி நேரம் நின்ன வண்டியில, நாலு சக்கரமும் பாத்து ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க. அளவு டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் மேலயே 44, 51-ன்னு எழுதியிருக்குறது அதோட உச்சபட்ச அளவு, அதைப் பாத்து புடிக்கிறவங்களும் நம்மள்ல இருக்காங்க. நாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியிருந்தா குளிரும் மறதியும். மூணு 28-ல இருந்து ஒண்ணு மட்டும் 23-ன்னா அந்த ஒண்ணுல ஏதோ இருக்கு. குளிர் ஓரவஞ்சனை பண்ணாது.

சந்தேகமா இருந்தா நாலையும் ஸ்டிக்கர் அளவுக்குப் புடிச்சிட்டு, அதே அளவு குளிரடிக்கிற இன்னொரு காலையில மறுபடி பாருங்க. திரும்ப இறங்குற சக்கரத்துல மூணு இடம் தேடணும். தரையைத் தொடுற பகுதியில ஆணி, வால்வு, டயரும் ரிம்மும் சேர்ற விளிம்பு. கடைசி இடம் இந்த ஊருக்கே உரியது. ரோட்டுல கொட்டுற உப்பு அலுமினிய ரிம்மை அரிச்சு விளிம்புல சொரசொரப்பாக்கிடும், குளிர்ல ரப்பரும் விறைச்சுக்கும், அந்த இடுக்கு வழியா மெதுவா போகும். ஊர்ல மாதிரி சோப்புத் தண்ணி ஊத்திப் பாக்கலாம், ஆனா வெளிய வச்சு ஊத்தினா உறைஞ்சிடும், கராஜுக்குள்ள பாருங்க. ஆணி தெரிஞ்சா அங்கயே புடுங்கிடாதீங்க (நாம ஆபீஸ்ல புடுங்குறது போதும் :-)). நடுப்பகுதியில கால் இஞ்சுக்குள்ள இருக்குற ஓட்டைய டயரைக் கழட்டி உள்பக்கமா ஒட்டுப் போட்டுச் சரி பண்ணலாம். பக்கச் சுவர்ல இருந்தா டயரை மாத்தத்தான் வேணும்.

கராஜ்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஹீட்டர் போட்ட கராஜ்ல 60 டிகிரியில சரியா 33 புடிச்சிட்டு வெளிய 0 டிகிரிக்குப் போனா அஞ்சு, அஞ்சரை பி.எஸ்.ஐ. காணாமப் போகும். உள்ள வச்சுப் புடிச்சா அதுக்குத் தகுந்த மாதிரி கூட்டிப் புடிங்க. அதே மாதிரி ஓட்டி வந்த சூட்டோட பாத்துட்டு "அய்யோ அதிகமா இருக்கே"ன்னு இறக்காதீங்க.

டயர் கடைகளைப் பத்தியும் சொல்லிடணும். ஒரு கடையில என்கிட்ட "சென்சார் நாலும் போச்சு, 400 டாலர் ஆகும்"னாங்க. சென்சார்ல கோளாறுன்னா வண்டிய எடுத்ததும் லைட்டு ஒரு நிமிசம் விட்டு விட்டு மினுக்கிட்டு அப்புறம் நிலையா நிக்கும். என் வண்டியில மினுக்கவே இல்ல. கேஜை எடுத்துக் காட்டினேன், காத்து புடிச்சுக் குடுத்தாங்க, லைட்டு அணைஞ்சுது. அடுத்து நைட்ரஜன். நைட்ரஜன் போட்டா குளிர்ல இறங்காதுன்னு விக்கிறாங்க. சும்மா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், குளிர்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் சுருங்கும். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை ஒரு வருசம் வச்சுப் பாத்தப்ப காத்து போட்ட டயர் 3.5 பி.எஸ்.ஐ., நைட்ரஜன் போட்டது 2.2 இழந்துச்சு. அந்த ஒண்ணே காலுக்கு நான் காசு குடுக்க மாட்டேன்.

இன்னொரு விசயம், சில வண்டிகள்ல டயருக்குள்ள சென்சாரே கிடையாது. சக்கரம் சுத்துற வேகத்தை வச்சுக் குத்துமதிப்பா சொல்லும். அதுல பழைய வகைக்கு நாலும் ஒண்ணா இறங்கினா தெரியவே தெரியாது. அதுல ரீசெட் பட்டன் இருக்கும். லைட்டு தொல்லை தாங்கலைன்னு காத்து புடிக்காம அந்தப் பட்டனை அமுக்கினா, குறைஞ்ச அளவையே சரியான அளவுன்னு எடுத்துக்கிட்டு அமைதியாயிடும். இப்படி அமுக்கிட்டு நிம்மதியா ஓட்டிக்கிட்டு இருக்குற ரெண்டு பேரை எனக்குத் தெரியும். அடுத்த பொங்கல் விழாவுக்கு கேஜோட போய் பார்க்கிங்லயே மடக்கலாம்னு இருக்கேன்.

டிஸ்கி: மார்ச்சுல 50 டிகிரி வந்ததும் மறுபடி ஒரு காலைல பாத்து, கூடுதலா இருந்தா அப்ப இறக்கிக்கலாம். வால்வு மூடி தொலைஞ்சிருந்தா வாங்கிப் போடுங்க, உள்ள ஈரம் போய் உறைஞ்சா வால்வு சரியா மூடாது. விலை ஒரு காப்பிக் காசுகூட இல்ல.